கடைசித் துண்டு தீரும்வரை

லென்ஸ்காரரின் மகள் தன் அப்பாவைவிட வயதில் மூத்தவளானது ஒரு வியாழக்கிழமை மாலை, ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் இடையில். அப்போது அவர் இரண்டு பெரிய பீட்சாவையும் ஒரு குளிர்பானத்தையும் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவருக்கு வயது முப்பத்தாறும் இரண்டு மாதமும். ஏழாவது மாடியைத் தாண்டும்வரை மகள் பாப்பாவுக்கும் அதேதான். ஒன்பதாவது மாடியில் அவருக்கு டிப்ஸாகக் கிடைத்தது ஒரு தேங்க்ஸ்.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துகிறவர். அந்தச் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. அப்போது ஏழு வயதான பாப்பா ஒரு சைக்கிள் கேட்டாள், சிவப்பு நிறத்தில், மணியும் முன்னால் கூடையும் வைத்தது. டிப்ஸே கை நிறையக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை பீட்சா கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தார். முப்பது நிமிடத்தில் வராவிட்டால் இலவசம் என்று கடை ஊருக்கே வாக்குக் கொடுத்திருந்தது. அந்த இலவசம் ஓட்டுகிறவர் சம்பளத்திலிருந்து போகும் என்று எழுதத்தான் விளம்பரப் பலகையில் இடம் பத்தவில்லை. முதல் மாதம் முழுக்க அவர் முப்பத்திரண்டாவது நிமிடத்தில் போய் நின்றார். கதவுக்குப் பின்னால் குடும்பமே கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டியது.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தைந்து நிமிடத் தூரத்தைப் பதினொரு நிமிடத்தில் கடந்தார். வண்டி அதே ஓட்டை வண்டி. சாலையில் அதே பள்ளம், அதே நெரிசல். வேண்டிய நிமிடங்கள் மட்டும் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்ன? அன்றிலிருந்து டிப்ஸ் வர ஆரம்பித்தது. படிக்கட்டு மட்டும் இருந்த கட்டிடங்களில் நோட்டாகவே கொடுத்தார்கள். வாசலில் காவலாளியும் இரண்டு நாயும் இருந்த வீடுகளில் "கடவுள் உங்களை நல்லா வெச்சிருப்பார்" என்றார்கள். ஒரு பெரிய டாக்டர், பீட்சாவை வாங்கிக்கொண்டு, இப்படி வேகமாகப் போனால் இடுப்பு போய்விடும் என்று இலவசமாக எச்சரித்தார்.

நிமிடங்கள் வந்தது அவர் வீட்டிலிருந்துதான். முதல் நாள் ஒன்பது மணிக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டில் செவ்வாய், இவர் வீட்டில் வெள்ளி. "ஏங்க, மூணு நாளா எங்க போனீங்க?" என்று மனைவி கதவிலேயே மறித்தாள். "மூணு மணி நேரந்தானே போனேன்," என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மை என்பதால் சண்டை நெடுநேரம் நீடித்தது. அவர் வண்டியில் இருக்கும்வரை வீட்டுக்குள் நாட்கள் தலைதெறிக்க ஓடின, இறங்கி உள்ளே வந்தால் சாதுவாக நடந்தன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சனிக்கிழமைகளில் மாதக்கணக்கில் போயிற்று. கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்த ஞாயிறன்று அவர் முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினார். போகும்போது நாலாம் வகுப்புப் பாப்பா இரட்டைப் பின்னலோடு கையாட்டினாள். வரும்போது எட்டாம் வகுப்புப் பாப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு "நான் படிக்கிறேன்" என்றாள்.

பள்ளிக்கூடம் இதை மிகப் பக்குவமாக எடுத்துக்கொண்டது. மாதத்துக்கு ஒரு வகுப்பு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் முழு வருடக் கட்டணத்தை வாங்கிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்து எழுத்தர், "வயசு குறைஞ்சாத்தாங்க மனு, கூடினா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை," என்று அனுப்பிவிட்டார். கட்டணம் மாதாமாதம் வந்ததால் லென்ஸ்காரர் இன்னும் அதிகமாக ஓட்டினார். அதிகமாக ஓட்டியதால் கட்டணம் இன்னும் சீக்கிரம் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கும் வளர்ந்துகொண்டே போனது.

மற்றவர்கள் சொல்லி அவர் நம்பவில்லை, லென்ஸ் சொல்லித்தான் நம்பினார். மனைவிக்குப் படிக்கிற கண்ணாடி அவர் கையாலேயே செய்து கொடுத்தார், பிளஸ் ஒன்று. அடுத்த மாதமே எழுத்து தெரியவில்லை என்றாள், ஒன்றரை. பிறகு இரண்டு. பத்து வருடத்தில் ஏற வேண்டிய நம்பர் ஒரு வருடத்துக்குள் ஏறியது. இரண்டே கால் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்த அன்று மெஷினை நிறுத்திவிட்டு, கடை நடுவில், வாடிக்கையாளர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவளுடைய கறுப்பு முடியைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தோம் என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் வேலையை விடுவதாகச் சொல்லப் பீட்சா கடைக்குப் போனார். மேனேஜர் அதற்குள் இந்த மாதத்தின் சிறந்த ஓட்டுநர் என்று அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். "குடும்பத்துக்காகத்தானே சார் ஓடுறீங்க? விட்டுட்டா குடும்பம் என்ன ஆகும்?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! லென்ஸ்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கட்டணம் போக டிப்ஸில் மிஞ்சியது சைக்கிளுக்குத் தேறியபோது பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் சிவப்பு சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, மணியை ஒருமுறை அடித்தார். அவள் வெளியே வந்தாள். ஏறி, முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்க, தெருவில் ஒரு சுற்று சுற்றி வந்தாள். "நல்லா ஓடுதுப்பா," என்றாள். அவர் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார், அவர் கண்ணாடி போடாதவர் என்பதை மறந்து. அவளுடைய கல்யாணம் அடுத்த மழைக்காலத்தில், அவர் கொட்டுகிற மழையில் இரண்டு மீடியம் பீட்சா கொண்டுபோன நேரத்தில் நடந்து முடிந்தது. போட்டோவில் அவருக்கென்று ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அவரைப் பார்த்ததும் "வாங்க தம்பி" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, பாப்பா அம்மாவோடு தங்கிவிட்டாள்.

ஒன்பதாவது மாடிக்குப் படியேறிய வியாழக்கிழமைக்கு மறுநாள், ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஒரு பெரிய பீட்சா, எட்டுத் துண்டு. விலாசம் லென்ஸ்காரரின் வீடு. குறிப்பு எழுதுகிற கட்டத்தில், வெங்காயம் வேண்டாம் என்று மற்றவர்கள் எழுதுகிற இடத்தில், பாப்பா எழுதியிருந்தாள்: கொண்டு வருபவர் உள்ளே வந்து, கடைசித் துண்டு தீரும்வரை எங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேனேஜர் அதை மூன்று தடவை படித்தார். வாடிக்கையாளர் குறிப்பை மீறினால் நட்சத்திரம் குறையும், நட்சத்திரம் குறைந்தால் தலைமை அலுவலகம் மேனேஜரைத்தான் கூப்பிடும். "போய் உட்காருங்க சார்," என்றார்.

தன் வீட்டு அழைப்புமணியை அவர் அழுத்தியபோது நிமிடங்கள் நின்று நிதானித்தன. வீட்டிலிருந்து எடுத்து வீட்டுக்கே கொடுப்பதில் யாருக்கு என்ன லாபம்? பாப்பா கதவைத் திறந்தாள். அவள் காதோரம் இரண்டு நரைமுடி, அவருக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை. "சூடா இருக்கா?" என்று கேட்டாள். "முப்பது நிமிஷத்துக்குள்ள வந்துட்டேன் மேடம்," என்றார் பழக்கதோஷத்தில். மனைவி உள்ளேயிருந்து, "முப்பது வருஷம் ஆச்சு," என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போயிட்டீங்க. கைகழுவிட்டு வாங்க," என்றாள்.

மூவரும் ஏழு துண்டுகளை இரண்டு மணி நேரம் சாப்பிட்டார்கள். நாலாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் விட்டுப்போன கதைகளைப் பாப்பா ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் நடுநடுவே "அப்புறம்?" என்றார். எட்டாவது துண்டை மனைவி ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டாள். ஒன்பது மணிக்கு மேனேஜர் போன் செய்தார். "எங்க சார் இருக்கீங்க?" "கஸ்டமர் வீட்டுல சார். இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

அந்த ஆர்டர் இன்றுவரை முடியவில்லை. லென்ஸ்காரர் பகலில் லென்ஸ் வெட்டுகிறார், ஆறு மணிக்குக் கடைச் சீருடையை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் டியூட்டியில் உட்காருகிறார். கடையின் திரையில் அவர் பெயருக்கு நேரே டெலிவரி நடந்துகொண்டிருக்கிறது என்று பதினோரு வருடமாகப் பச்சை விளக்கு எரிகிறது. தலைமை அலுவலகம் இதை ஆராய்ந்து, அவரை நிறுத்தவில்லை. உட்காரும் கட்டணம் என்று ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி, பாப்பாவின் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்கிறது. நகரத்தில் இப்போது நிறைய வீடுகளில் அந்தச் சேவையைக் கேட்டு வாங்குகிறார்களாம். அவரும் மகளும் வருடத்துக்கு ஒரு வயதாக, ஒன்றாகவே மூப்படைகிறார்கள். போன மாதம் அவருக்கும் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது, பிளஸ் ஒன்று.

துண்டு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எப்போதாவது பாப்பா மறதியில் தட்டைத் திறந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே அதட்டுவாள்: "பசிச்சா வேற ஏதாவது சாப்பிடு, அதுல கை வெக்காதே!"