இன்ஷாவின் நோன்பு

ஒன்பது வயது இன்ஷாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, சம்சுன்னிசா மகளை யாரிடமும் விட்டுப் போனதில்லை. தங்கை முனீராதான், "போங்க லாத்தா, நான் பாத்துக்கறேன்," என்று அக்காவை வற்புறுத்திப் பெருநாள் துணி எடுக்கத் தேக்கா கடைத்தெருவுக்கு அனுப்பினாள்.

"ஊசி போட்ட கையோட சாப்பிட வைக்கணும். இல்லன்னா சர்க்கரை கிடுகிடுன்னு எறங்கிடும்," என்று லிஃப்ட் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் லாத்தா.

மதியம் இன்சுலின் போட்டு, சோற்றையும் மீனையும் முன்னால் வைத்துவிட்டு முனீரா தொழப் போனாள். திரும்பியபோது தட்டு காலி. நிம்மதியாகக் கழுவி வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் இன்ஷா சோபாவில் சாய்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் கருவி இரண்டு புள்ளி எட்டு என்றது. நான்குக்குக் கீழே போகக் கூடாதே! சாப்பிட்ட பிள்ளைக்கு எப்படி இறங்கும்? மருந்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ?

ரோஸ் சிரப்பைக் கலக்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டது.

"நான் நோன்பு, சாச்சி."

"அப்ப சோறு?"

"குப்பைத் தொட்டியில." உதடு நடுங்கியது. "சீக்காளிக்கு நோன்பு கெடையாது, நீ பேபின்னு ஸ்கூல்ல அதீஃப் சிரிச்சான்."

கெஞ்சினாள், அதட்டினாள். வாய் திறக்கவில்லை; கண்கள்தான் செருகத் தொடங்கின. முனீரா தம்ளரைத் தன் வாயில் வைத்து மடமடவென்று குடித்தாள்.

இன்ஷா திடுக்கிட்டாள். "சாச்சி! உங்க நோன்பு!"

"போச்சு. இனி நீ மட்டும் இருந்து என்ன பண்ணப் போற? குடி."

குடித்தாள். பாதி சட்டையில் வழிந்தது.

மறுபடி குத்திப் பார்க்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த நேரம் முடியும் தறுவாயில் கைபேசி அடித்தது. லாத்தா. சொன்னால் இனி அவள் வாசலைத் தாண்ட மாட்டாள். மறைத்தால், அடுத்த முறை சோறு எங்கே போகிறது என்று அவளும் பார்க்க மாட்டாள்.

சொல்லிவிட்டாள். கடை இரைச்சலுக்கு நடுவே லாத்தாவின் குரல் வந்தது: "நான் வர்றேன்."

"வாங்க. ஆனா அடுத்த வாரமும் நீங்க போகணும். நான் அவ சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தொழுவேன்."

"இப்ப எவ்வளவுன்னு பாரு, முனீரா."

குத்திப் பார்த்தாள். "நாலு புள்ளி ரெண்டு."

லாத்தா பெருமூச்சு விட்டது கேட்டது.

"இன்னொரு விரல்ல பாரு," என்றாள்.