மிஷின் நின்றபோது

நூல் சுற்றும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரியவளுக்குப் பயமில்லை. அந்த இரைச்சலில் இடியே விழுந்தாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்தால் குனிந்து இருமிவிட்டு, அறுந்த நூலை முடிச்சுப் போடப் போய்விடுவாள். அடுத்த மிஷினில் நிற்கும் ஓரகத்திக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“டாக்டர்கிட்ட காட்டுக்கா. எனக்கும் காலைல தொண்டை கரகரன்னுதான் இருக்கு” என்று காதோரம் வந்து சொன்னாள் இளையவள்.

“காட்டினா வேலைக்குப் போகாதேம்பாரு. நம்மளக் கட்டின அண்ணனும் தம்பியும் வீட்ல குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. நம்ம சம்பளத்துலதான் அடுப்பெரியுது. வாயை மூடிட்டு வேலையப் பாரு.”

அன்று வேலை நடுவிலேயே மிஷின்களை நிறுத்தினார்கள். எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார் சூப்பர்வைசர். மன அமைதிப் பயிற்சியாம். சொல்லித்தர வந்த பெண்ணின் குரல் இதமாக இருந்தது.

“கண்ணை மூடிக்கோங்க. மூச்சை மட்டும் கவனிங்க. நல்லா உள்ள இழுங்க.”

மிஷின் நின்ற கூடத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும் போலிருந்தது. பெரியவள் மேலோட்டமாக மூச்சு விட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அருகில் வந்து அன்பாகத் தோளைத் தொட்டார்.

“இன்னும் ஆழமா இழுங்கம்மா.”

இழுத்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. தலைத்துணியை அவிழ்த்து வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. பயிற்சியாளர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். கண்ணை மூடாமல் சுவரோரம் நின்றிருந்த சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்.

“வீட்ல இருந்து உடம்பைத் தேத்திக்கம்மா. சொல்லி அனுப்புறோம்.”

“எப்ப சார்?”

“அதான் சொல்லி அனுப்புறோம்னேனே.”

அப்படிப் போனவர்களில் யாரும் திரும்பி வந்ததில்லை. பெரியவள் தலைத்துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இளையவள் வாசல்வரை கூட நடந்தாள்.

அடுத்த வாரமும் பயிற்சி நடந்தது. பெரியவளின் மிஷினுக்கு வேறொருத்தி வந்திருந்தாள். கண்ணை மூடியதுமே இளையவளுக்குத் தொண்டையில் அரிப்பு ஏறியது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்து, மூச்சையே நிறுத்திக்கொண்டாள்.

பயிற்சியாளர் அவள் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாரும் கண்ணைத் திறந்து இவங்களைப் பாருங்க. ஒரு அசைவு இருக்கா? இப்படித்தான் உட்காரணும்.”

எல்லோரும் பார்த்தார்கள். இளையவளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூடிய கண்களின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து, கன்னத்துப் பஞ்சுத் தூசியில் கோடு இழுத்தது.