பதினொரு கட்டளை, மூன்று விரல்

அலுவலகத்தில் அவளை மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் சண்டைக்கு நிற்பாள். பன்னிரண்டு வருடமாகக் கணினியில் கட்டட வரைபடம் போடுகிறவள். வலது கையில் மவுஸ், இடது கை விசைப்பலகையில். திரையை விட்டுக் கண் எடுக்க மாட்டாள்.

குளியலறைக் கண்ணாடிக் கதவு உடைந்து இடது கையைக் கிழித்ததில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. இருக்கின்றன, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. "பிடிக்க வரும். வேகமா மடக்க வராது" என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வம்பு. செத்த சுண்டுவிரல் சும்மா போய் 'ஏ' எழுத்தின்மேல் விழுந்தது. அது வளைவு வரையும் கட்டளை. பக்கத்து மேசை வரைவாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மில்லி, படிக்கட்டுக்கு மேல வானவில்லா?"

அவளும் சிரித்தாள். அன்று ஒரு மணி நேர வேலைக்கு நாலு மணி நேரம் ஆனது. சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் மேடம் கூப்பிட்டார்.

"நீ கொஞ்ச நாள் ஃபைல் பக்கம் பாத்துக்கோயேன். உன் இடம் எங்கேயும் போயிடாது."

"பதினஞ்சு நாள் குடுங்க மேடம். அப்பவும் முடியலேன்னா நானே போய் ஃபைல் அலமாரி பக்கம் உக்காந்துக்கறேன்."

மறுநாள் தான் போடும் ஒவ்வொரு கட்டளைக்கும் தாளில் ஒரு கோடு கிழித்தாள். மாலையில் எண்ணினால், நாள் முழுக்க வேலையைச் சுமந்தவை வெறும் பதினொன்று. நகலெடுக்க 'சி', 'ஓ' என்று விசைப்பலகையின் இரண்டு பக்கத்துக்கும் கை ஓட வேண்டியிருந்தது. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டளை என்பது மென்பொருளுக்குள் ஒரு சாதாரணக் கோப்பில் வரிவரியாக இருந்தது. அதைத் திறந்து மாற்றினாள். அழிக்க 'டி'. நகலெடுக்க 'எஃப்'. நகர்த்த 'ஜி'. எல்லாம் ஒற்றை எழுத்து, மூன்று விரலுக்கு எட்டும் தூரத்தில். முடங்கிய இரண்டு விரலையும் துணிப்பட்டையால் சேர்த்துத் தூக்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் கணினி கிடையாது. எதிலும் இணைக்காத பழைய விசைப்பலகை ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, காலையில் கணவனை எதிரே உட்கார வைத்தாள்.

"நீங்க கட்டளையைச் சொல்லுங்க. வரிசையாச் சொல்லக் கூடாது."

"நகர்த்து. அழி. நகல். அழி." அவர் விரலையே பார்த்தார். "இப்ப தப்பு."

"தெரியும். மறுபடி சொல்லுங்க."

"ஆபீசுக்கு நேரமாச்சும்மா."

"எனக்கு இன்னும் ஆகல. சொல்லுங்க."

ஒரு வாரத்தில் அவர் வாய் தடுமாறியதே தவிர, அவள் விரல் தடுமாறவில்லை.

பதினான்காம் நாள் காலை பத்தரைக்கு மேஸ்திரியிடமிருந்து போன். மருத்துவமனைக் கட்டடத்தில் படிக்கட்டின் நடுத்தளத்தில் நின்றால் மேலே உத்தரம் தலையில் இடிக்குமாம். பன்னிரண்டு மணிக்குக் கம்பி கட்டத் தொடங்க வேண்டும். அதற்குள் திருத்திய படம் வேண்டும்.

மில்லி படத்தைத் திறந்து 'டி' அடித்தாள். கோடு அழியவில்லை, அளவுகளுக்கான ஏதோ பெட்டி விரிந்தது. 'எஃப்' அடித்தாள். அதுவும் வேறு எதையோ கேட்டது.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர் வாசலில் நின்றிருந்தார். "நேத்து எல்லாரும் கிளம்பினதும் எல்லா மிஷினையும் ஒரே மாதிரி பண்ணிட்டேன் அக்கா. அவங்கவங்க மாத்தி வெச்சிருந்த பழசெல்லாம் எடுத்தாச்சு."

பக்கத்து வரைவாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "குடு, நான் போடறேன்."

மேடமும் தலையசைத்தார்.

"பத்து நிமிஷம்" என்றாள் மில்லி. "நீங்க உக்காருங்கண்ணா."

கோப்பைத் திறந்தாள். குறிப்பு எதுவும் கையில் இல்லை. கண்ணை மூடி, சாப்பாட்டு மேசையில் கணவன் சொன்ன ஒவ்வொரு கட்டளைக்கும் விரல் போன எழுத்தை நினைத்துப் பார்த்தாள். பதினொரு வரி. ஏழு நிமிடம். சேமித்து, 'டி' அடித்தாள். கோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. நடுத்தளத்தை இரண்டு படி கீழே இறக்கினாள். பத்துப் பத்தாக இருந்த படிகள் கீழே எட்டு, மேலே பன்னிரண்டு ஆயின. மேல்வரிசை நீள்வதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்தாள். இருந்தது. உத்தரத்துக்குக் கீழே உயரமான ஆளும் நிமிர்ந்து போகலாம். பதினொன்று நாற்பதுக்குப் படம் மேஸ்திரி கைக்குப் போய்விட்டது.

"வந்துடுச்சு, தெளிவா இருக்கு" என்று போனில் கத்தினார் அவர்.

மேடம் அச்செடுத்த தாளை ஸ்கேல் வைத்துப் பார்த்தார். "அடுத்த வாரம் அதே கட்டடத்துக்கு மொட்டைமாடிப் படம். அதையும் நீயே எடுத்துக்கோ" என்றவர், அலமாரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வெச்சுடட்டுமா அக்கா?"

"மூணு எடுத்து வைங்க" என்றாள். மறுபடி கோப்பைத் திறந்தாள். "கொஞ்சம் இருங்க. கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போடற கட்டளையை விட்டுட்டேன். அதையும் பன்னெண்டாவதா சேத்துக்கறேன்."