வெனிலா பூத்த காலை

மூன்று வருடம் காத்திருந்து வெனிலா பூத்த காலையில், ராஜபாளையத்து மலையடிவாரத்தில் நிழல்வலைக் குடிலுக்குள் மூன்று பேர் இருந்தார்கள்: கொடியை நட்ட சோலைச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் அவர் மனைவி சத்யப்பிரியா, சென்னையில் இரவு வேலையை உதறிவிட்டு வந்திருந்த அவள் தம்பி கௌதம்ராஜ்.

"மேனேஜர் என் வேலையைப் பிளெயின்-வெனிலான்னு சொல்லிட்டான் மச்சான்," என்றான் கௌதம்ராஜ்.

"அப்படின்னா?"

"வெறும் சாதான்னு அர்த்தம். ஐஸ்கிரீம் கடையில வேற எதுவும் சேர்க்காம குடுக்கிறது வெனிலா. அதுலேருந்து வந்த சொல்லு."

"சாதாவா?" சோலைச்சாமி சிரித்தார். "இது ஒருநாள் பூ மாப்ளே. உச்சிக்குள்ள கையால மகரந்தம் சேர்க்கலன்னா உதிர்ந்திரும். நம்மூரு தேனீக்கு இந்த வேலை தெரியாது."

"அவிய ஒருத்தரால ரெண்டு குடிலும் ஏலாது. நீயும் குச்சியைப் பிடிலே," என்றாள் அக்கா.

முதல் பூவை அவன் கிழித்துவிட்டான். இரண்டாவதில் மூச்சை அடக்கி, ஈர்க்குச்சியால் உள்ளிருந்த மெல்லிய மடலைத் தூக்கி, மகரந்தத்தைச் சூல்முடியோடு சேர்த்து அழுத்தினான்.

"இனி காயாகி முத்த ஒம்பது மாசம். பறிச்சு, வாட்டி, பதமாக் காயவச்ச பொறவுதான் வாசனையே வரும்," என்றார் சோலைச்சாமி.

கௌதம்ராஜ் அந்தப் பூவை உற்றுப் பார்த்தான். அவன் நக்கித் தின்ற ஐஸ்கிரீமின் வாசனைக்கு மூலம் இப்படி ஒரு பூ. அதை யாரோ ஒருவர் தொட்டிருக்க வேண்டும். அதைப் போய்ச் சாதா என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இங்க மிச்சப் பூவை நான் பாத்துக்கிறேன். நீங்க அக்காவைக் கூட்டிட்டு அடுத்த குடிலுக்குப் போங்க மச்சான். குரங்கு கொண்டியைத் திறந்து உள்ள வந்திரும், வெளியே பூட்டிருங்க."

சோலைச்சாமி கதவைச் சாத்திப் பூட்டினார். உள்ளே அவன் அடுத்த பூவுக்குக் குனிந்திருந்தான்.