நாளும் மணியும் சொல்லாத அழைப்பு

ஸ்பெயினில் எங்கள் ஊரான சோரியாவில் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டோம். எல்லோரையும் கூப்பிடவும் செய்வோம். தெருவில் பழைய பள்ளித் தோழியைப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, கால் மணி நேரம் ஊர்க்கதை பேசி, "ஒரு நாள் வீட்டுக்கு வாயேன்" என்று சொல்லிவிட்டுப் பிரிவோம். அவளும் "வரேன், வரேன்" என்பாள். நிஜமாகவே வந்து நின்றாளானால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். சிநேகிதம் வளர்க்கத்தான் தெருவுக்கு நாலு பார் இருக்கிறதே. வீடு ரத்த சொந்தத்துக்கு, அப்புறம் காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்வதற்கு.

அந்த நாலில் ஒன்று என்னுடையது. முப்பது வருஷமாக நடத்துகிறேன். காலையில் காப்பி, மதியம் ஒயின், எப்போதும் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை. கணவர் போன பிறகு தனியாகவே பார்த்துக்கொள்கிறேன். பெனில்தேவுக்கு வாய் அதிகம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். வாய் இல்லாதவளுக்குப் பார் நடத்த வருமா என்ன.

இங்கர் முதன்முதலில் உள்ளே வந்தது ஒரு செப்டம்பர் மாதம், மாலை ஆறு மணிக்கு. உயரமான டென்மார்க்காரி, ஐம்பதைத் தொடும் வயது, காற்றாலைப் பொறியாளர். மேற்கே குன்றுகளில் புதுக் காற்றாலைகள் நிறுத்த ஒன்பது மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். புத்தகத்தில் படித்த ஸ்பானிய மொழியில், தயவுசெய்து இரவுச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான். இந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரியில்தான் போடுவார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டேன். கடையே சிரித்தது. அவளும் ஒரு நிமிஷம் கழித்துச் சிரித்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

அக்டோபர் கடைசியில்தான் அந்தக் கூத்து. மருந்துக்கடை டோனா ஒப்துலியா அவளிடம், "எப்ப வேணாலும் வீட்டுக்கு வாம்மா, உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள். இந்தப் பெண் ஞாயிறு மதியம் நாலு மணிக்கு, ஊரே தூங்குகிற நேரத்தில், கையில் பெரிய சாமந்திக் கொத்தோடு போய் மணியை அடித்துவிட்டாள். எங்கள் ஊரில் சாமந்தி கல்லறைக்குத்தான் போகும். கல்லறைத் திருநாள் வாரம் என்பதால் எல்லாப் பூக்கடையிலும் அதுவே குவிந்து கிடந்திருக்கிறது, பாவம் அதையே வாங்கிவிட்டாள். டோனா ஒப்துலியா இரவு அங்கியோடு கதவைத் திறந்து, பூவைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாளாம். மறுநாள் கடையில் இதுதான் பேச்சு. இங்கர் மூலையில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்தாள்.

அன்றைக்குத்தான் அவளை உட்காரவைத்து விதியைச் சொன்னேன். "இங்க வீட்டுக்கு வான்னா, பத்திரமா போயிட்டு வான்னு அர்த்தம். அதுக்கு நீ 'கண்டிப்பா, ஒரு நாள் பாக்கலாம்'னு சொல்லணும். சொல்லிட்டு மறந்துடணும். எந்த நாள், எத்தனை மணின்னு சொன்னாத்தான் அது அழைப்பு. மத்ததெல்லாம் ஒப்புக்கு."

மூன்று தடவை விடாமல் வற்புறுத்தினால் என்ன என்று கேட்டாள். நின்ற இடத்திலேயே, கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று தடவை சொன்னால் அது நிஜம் என்றேன். சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

குளிர்காலத்துக்குள் அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். தனித்தனியாகக் காசு கொடுக்காமல் எல்லோருக்கும் ஒரு சுற்று ஒயினை அவள் வாங்கினாள், அடுத்த சுற்றுக்கும் தானே கொடுப்பேன் என்று சண்டை போட்டாள். சாப்பிட்டு முடித்த கையோடு எழுந்து ஓடாமல் மேஜையிலேயே இரண்டு மணி நேரம் கதை கேட்டாள். கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசவும் பழகிவிட்டாள். என் கைவண்ணம் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதூரியோவுக்கு ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவன் வேலை. ஊரில் அவன் நுழையாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு டம்ளர் ஒயின் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள், எல்லா வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவான். அவன் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் யாரும் இல்லை. அம்மா போன பிறகு நாலு வருஷமாக அந்த மூன்றாம் மாடியில் தனியாகத்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையை மூடிய பிறகு என் வீட்டுக்கு வந்து என்னோடு சாப்பிடுவான். அந்த ஒரு வேளைதான் எனக்கும் வாரத்தில் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடும் வேளை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் இங்கருக்குப் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான். காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்தக் குன்றில் எந்த மாதம் எப்படி அடிக்கும் என்று அவனுக்கு அத்துப்படி, சின்ன வயதிலிருந்து அங்கே காளான் பறிக்கப் போகிறவன். இங்கர் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தாள். அவன் திருத்தினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் தம்பி சிரித்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். போகும்போது கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன். ஜன்னல்லேர்ந்து உங்க காத்தாடி எல்லாம் தெரியும்."

"கண்டிப்பா. ஒரு நாள் பாக்கலாம்" என்றாள் இங்கர். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மனசுக்குள் கை தட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு சதூரியோ சாப்பிட வரவில்லை. டாக்டர் எண்ணெய் ஆகாது என்கிறார் என்றான். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிப்ரவரி முழுக்க நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். பலகாரக்கடைப் பெண் ஒரு நாள், "உங்க தம்பி வாராவாரம் ஞாயித்துக்கெழம அரை கிலோ வெண்ணெய்ப் பலகாரம் வாங்கறாரே, யாருக்கு?" என்று கேட்டாள். எண்ணெய் ஆகாதவனுக்கு வெண்ணெய் மட்டும் ஆகுமோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கத்தான் வீம்பு விடவில்லை.

மார்ச்சில் இன்னொரு தடவை அவன் இங்கரை அழைத்ததை நானே கேட்டேன். மே மாதம் மறுபடி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி, கோப்பையைப் பார்த்துக்கொண்டு, நாளும் சொல்லாமல் மணியும் சொல்லாமல். அவளும் ஒவ்வொரு தடவையும் பிசகாமல் பதில் சொன்னாள். மூன்று தடவை ஆகிவிட்டது என்று எனக்கும் உறைக்கவில்லை. நின்ற இடத்தில் மூன்று தடவை சொல்கிற ஆளா அவன்? அவனுக்கு ஒரு தடவை வாயைத் திறக்க இரண்டு மாதம் வேண்டும்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பொறுக்க முடியாமல் பருப்புக் குழம்பை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்தவன் நல்ல சட்டை போட்டு, தலையை வாரியிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. உள்ளே ஜன்னலோரம் மேஜை. புது விரிப்பு. இரண்டு தட்டு, இரண்டு கண்ணாடி டம்ளர், நடுவில் கயிறு அவிழ்க்காத பலகாரப் பெட்டி.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். எந்த ஞாயிறு வருவாளோ தெரியாதே, வருகிற அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாதே என்றான். அது ஒப்புக்குச் சொன்ன பதில்தான் என்று தெரியும், நானும் இந்த ஊர்க்காரன்தானே என்றும் சொன்னான். தெரிந்தும் ஜனவரியிலிருந்து தட்டு வைத்திருக்கிறான்.

"நாளும் மணியும் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"அப்படிக் கேட்டா அவங்க மாட்டேன்னு சொல்லணும்னா சொல்லியாகணும் இல்லையா. இப்படின்னா யாருக்கும் சங்கடம் இல்ல." விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே, "உன்கிட்ட நல்லா பேசறாங்களேக்கா. நீ கேட்டுப் பாரேன்" என்றான்.

"கேக்கறேன்டா" என்றேன்.

கேட்கவில்லை. ஐந்து வாரம் இருந்தது. இங்கர் தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை போதும். ஜூனில் போகப்போகிறவள், போய்விட்டால் தம்பி உடைந்துபோவான், அவன் நல்லதுக்குத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் சால்ஜாப்பு. அவள் போய்விட்டால் அவன் மறுபடி என் மேஜைக்கு வருவான் என்று எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத்தான் நான் ஜெயிக்க விட்டேன்.

கடைசி நாள் மதியம் ஒரு மணிக்கு விடைபெற வந்தாள். மூன்றரைக்கு மத்ரித் பஸ். எல்லோருக்கும் முத்தம், எல்லோருடனும் ஒரு சுற்று. வாசலுக்குப் போய் மூன்று தடவை திரும்பி வந்தாள். மற்றவர்கள் கலைந்த பிறகு கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெனில்தே, ஒண்ணு கேக்கணும். உன் தம்பி மூணு தடவை வீட்டுக்கு வரச் சொன்னாரு. மத்தவங்களும்தான் சொன்னாங்க. ஆனா அவர் சொன்னா மட்டும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. ஒரு தடவை நாள் சொல்லிடுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அது நிஜமா, இல்ல ஒப்புக்கா?"

சதூரியோ அப்போது இரண்டு தெரு தள்ளி ஏதோ ஒரு வீட்டில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான். போன் செய்தால் ஐந்து நிமிஷத்தில் ஓடி வந்திருப்பான். ஆனால் நிஜம் என்று சொன்னால், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்பாள். அவனும் கேட்பான்.

"அவன் அப்படித்தான். எல்லாரையும் கூப்பிடுவான்" என்றேன்.

"நெனச்சேன்" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சங்கடம் பண்ணாம போறேன் பாரு. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க."

என்னை இறுக்கக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் அப்படிக் கட்டிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சதூரியோ வந்தான். காப்பி கேட்டான், குடிக்கவில்லை. கேட்டியா என்றான். நான் வேறு எதையோ துடைத்துக்கொண்டே எதைடா என்றேன். அவன் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூங்காததை, காத்திருந்ததை, கடைசி நாளில் அவள் கேட்டதை, நான் சொன்னதை. ஏன் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவன் அழவில்லை. என் அழுகைக்குக் காகிதக் கைத்துணி ஒன்றை உருவி நீட்டினான்.

"நம்பர் இருக்குடா. இப்பவே கூப்பிடு. நாளும் மணியும் சொல்லிக் கூப்பிடு" என்றேன்.

"போனவங்கள வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடறதுதான்க்கா வெறும் ஒப்புக்கு" என்றான். காப்பிக்குச் சில்லறையை எண்ணி வைத்தான். என் கடையில் அவன் ஒரு நாளும் காசு வைத்தது கிடையாது.

அந்த ஞாயிறு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனபோது அவன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். வரமாட்டான் என்றிருந்தேன். தலையை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தான். நான் போட்டதைச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால் போதும் என்றான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். என் முழங்கால் வலியை விசாரித்தான். முடிந்ததும் தட்டைத் தானே எடுத்து வைத்தான். வாசலில் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, "நன்றிக்கா, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான்.

ரத்த சொந்தத்துக்கு யாராவது நன்றி சொல்வார்களா? ஐம்பத்துநாலு வருஷத்தில் என் தம்பி எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான், ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.