என் வீட்டுக்கு இருநூறு வயது

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்த நாள் முதல் நான் உட்காரவில்லை. சாப்பிட்டது நின்றுகொண்டு, பேப்பர் படித்தது நடந்துகொண்டு. கூடத்துக்கும் வாசலுக்குமாக நான் நடந்த தூரத்தை ஒரே கோடாக இழுத்திருந்தால் பக்கத்து நாட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். விசா இல்லாததால் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

கடிதத்தில் இருந்தது ஒரே விஷயம். கட்டடம் மிகப் பழையது, முப்பதாம் தேதியோடு பாலிசி முடிகிறது, புதுப்பிப்பதற்கில்லை.

கடிதமாவது பரவாயில்லை. மகன் போனில் சொன்னதுதான் என் நடையை இரட்டிப்பாக்கியது. போன வருஷம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வீடு மின்கசிவில் எரிந்துபோனது. இன்சூரன்ஸ் இல்லாத அந்தக் குடும்பம் இன்னும் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறது. அதிலிருந்தே மகனுக்குத் தூக்கமில்லை.

"அப்பா, முப்பதுக்குள்ள வேற பாலிசி கிடைச்சா சரி. இல்லேன்னா ஒண்ணாம் தேதி லாரியோட வர்றேன். ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடணும். அம்மா காதுல விழற மாதிரி சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன்.

மகன் வீடு ஒன்பதாவது மாடி. பால்கனியில் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும்.

"அங்க போய் நான் யாரோட சண்டை போடறது?" என்றாள் மனைவி.

"ஏன், நான் இல்லையா?"

"உங்களோட போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேணும்."

கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டேன். மனைவி கணக்கில் ஐந்து, என் கணக்கில் நாற்பது. காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட இசையில் என் தாடி ஒரு அங்குலம் வளர்ந்தது. எல்லோரும் முதலில் கேட்டது, "வீடு கட்டி எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

"இருநூறு!" என்பேன், நெஞ்சை நிமிர்த்தி.

இது என் பழக்கம். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தால் பேரன் காலத்தில்தான் முனை மறுபக்கம் எட்டிப்பார்க்கும் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிவந்தவன் நான். கம்பெனிக்காரர்களுக்கு அந்த ரசனை இல்லை. ஒருவர் பேச்சில்லாமல் வைத்துவிட்டார். ஒரு பெண் சிரித்துவிட்டு வைத்தாள். ஒரே ஒரு கம்பெனி பிரீமியம் சொன்னது. அந்தப் பணத்துக்கு இன்னொரு வீடு வாங்கி, இன்சூரன்ஸ் இல்லாமலே விட்டுவிடலாம்.

முப்பதுக்கு ஏழு நாள் இருக்கும்போது மனைவி குடைக்காரரை வரவழைத்தாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. காப்பியைக் குடித்தபடி என் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டார். வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசம் புதுப்பிக்கறதுக்காக உங்களுக்குப் போன் பண்ணினாங்களாம். வீட்டுக்கு இருநூறு வருஷம்னு நீங்களே சொன்னீங்களாம். ஃபைலை மூடிட்டாங்க. இனி திறக்க மாட்டாங்க."

நான் நடையை ஒரு நொடி நிறுத்தினேன்.

"அண்ணே, வீட்டுப் பத்திரத்தைக் காட்டுங்க," என்றார் அவர்.

மனைவி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குடைக்காரர் அதில் வீடு கட்டின வருஷத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "தொண்ணூத்தி நாலு! மிச்சம் நூத்தி ஆறு வருஷத்தை எங்கிருந்து கொண்டு வந்தீங்க?"

"எல்லாம் வாயிலிருந்துதான்," என்றாள் மனைவி. "எங்க கல்யாணத்தப்போ நூத்தி இருபது. நாப்பது வருஷத்துல எம்பது ஏறிடுச்சு."

குடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. பழைய வீடுகளுக்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறதாம், கட்டுப்படியாகிற பிரீமியம்தானாம். வீட்டின் வயதைவிட, ஒயரிங்கும் கூரையும் குழாயும் எப்போது மாற்றியது என்றுதான் அவர்கள் பார்ப்பார்களாம்.

"ரசீது இருக்கா?"

"ஏது ரசீது? ஒவ்வொரு தடவையும் நானே மாத்தினது. மில்லுல முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியன் ஐயா நான்!"

"நீங்க சொன்னா நம்புவாங்களா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன.

வீட்டைச் சோதிக்கக் கம்பெனி ஆள் வருவது இருபத்தெட்டாம் தேதி என்று முடிவானது. அதுவரை நான் மூன்று ஜோடி செருப்பைத் தேய்த்தேன்.

வந்தது ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் டார்ச், காதில் பென்சில், முகத்தில் எதற்கும் மயங்காத ஒரு பார்வை. கூடத்துக்குள் வந்ததும் கேட்டார்:

"இங்கே ஒயரிங் எப்போ மாத்தினது சார்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினாள். பின்னால் சுவரில் சிவப்புப் பெயிண்டில் தேதி, அடியில் என் இனிஷியல். அடுத்து காலண்டரைக் கழற்றினாள். அங்கே ஒரு தேதி. படுக்கையறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று, குளியலறைக் குழாய் மேல் ஒன்று, கூரை உத்தரத்தில் ஒன்று. வீடு பூராவும் அசிங்கமாக எழுதி வைத்திருக்கிறேன் என்று நாற்பது வருஷமாக அவள் மறைத்து வைத்ததையெல்லாம் அவளே திறந்து காட்டினாள்.

மில்லில் அப்படித்தான் வேலை. எந்த லைனை மாற்றினாலும் பக்கத்திலேயே தேதியும் இனிஷியலும் எழுதவேண்டும். தப்பான தேதி எழுதினால், புது ஒயர் என்று நம்பி அந்த லைனில் கை வைக்கிறவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான்.

சோதனைக்காரம்மா ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். "சார் பேச்சை நம்பலாமாம்மா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பேச்சை நம்பவே நம்பாதீங்க. பெயிண்டை நம்புங்க."

சமையலறைக்கு வந்தோம். என் கால்கள் தானாக வாசல் பக்கம் திரும்பின. அவர் அலமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால் வெறும் சுவர்.

"இங்கே தேதி இல்லையே?"

"இருக்குமே," என்று மனைவி குனிந்து தேடினாள். "ஆறு வருஷம் முன்னாடி மாத்திட்டேன்னு சொன்னாரே!"

பரண் மேல் சிவப்புப் பெயிண்ட் டப்பா இருந்தது. முந்தின நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அதை இறக்கி, அலமாரியை நகர்த்தி, பிரஷ்ஷைத் தோய்த்து, இதே சுவர் முன்னால் நான் நின்றேன். வீட்டுக்கு நூற்றாறு வருஷத்தைக் கூசாமல் கூட்டியவனுக்கு ஒரு தேதி பெரிய விஷயமா? ஆனால் கை நகரவில்லை. பெயிண்ட் என் வேட்டியில் சொட்டியதுதான் மிச்சம்.

"மாத்தலை," என்றேன். "முட்டி வலி. மாத்திட்டேன்னு சும்மா சொன்னேன்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். "ஆறு வருஷமா ஈரக்கையோட இந்த ஸ்விட்சைத்தான் போட்டுக்கிட்டிருக்கேனா?"

நான் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தேன்.

சோதனைக்காரம்மா பென்சிலை எடுத்தார். "முப்பதாம் தேதி அஞ்சு மணிக்குள்ள, லைசன்ஸ் இருக்கிற ஆளை வெச்சு இதை மாத்தி, சர்டிஃபிகேட் அனுப்புங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. இங்கேயும் நீங்க ஒரு தேதி எழுதி வெச்சிருந்தா, மத்த தேதிகளையும் நான் சந்தேகப்பட்டிருப்பேன் சார். இந்த ஒயரோட வயசு எனக்குப் பார்த்தாலே தெரியும்."

குடைக்காரர் ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பினார். இரண்டு நாள் வேலை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னேன். ஒரு கட்டத்தில் அவர், "பெரியவரே, நீங்க வெளியே நடந்துட்டு வாங்களேன்," என்று கெஞ்சினார். முப்பதாம் தேதி நாலு மணிக்குச் சர்டிஃபிகேட் போனது. நாலே முக்காலுக்குப் பாலிசி வந்தது.

அலமாரியைத் திரும்ப நகர்த்தப் போனேன். "இருங்க," என்றாள் மனைவி. அவளே பரணிலிருந்து டப்பாவை இறக்கி, சமையலறைச் சுவரில் தேதி எழுதி, அடியில் தன் இனிஷியலைப் போட்டாள். அலமாரி இனி எதிர்ச் சுவரில்தான் இருக்குமாம். இந்தத் தேதியை மறைக்கக் கூடாதாம்.

ஒன்றாம் தேதி மகன் லாரி இல்லாமல் வந்தான். பாலிசியை வரிவரியாகப் படித்தான். ஒரு வரியில் நின்றான்.

"அப்பா, வீட்டோட வயசு தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கே?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பிரீமியம் கூடிடும்னு குறைச்சுச் சொன்னேன்டா. வெளியே சொல்லிடாதே."