எழுந்து நின்று கேட்ட பாட்டு

பதினொண்ணாவது சேர்ந்து ஆறு மாசத்தில் அக்ஷரா ஒரு நாள்கூடக் காலை பிரேயருக்கு நின்றதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பேக்கரியில் கூடப் படிக்கும் டேனியலோடு பன்னைத் தின்றுகொண்டிருப்பாள். பிரேயர் முடிந்ததும் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாய் உள்ளே நுழைவார்கள்.

ஆனால் டிரம் என்றால் அவளுக்கு உயிர். கொடியேத்துற நாளில் பேண்டில் மார்ச் அடித்தே சலித்துப்போயிருந்தது. ஆண்டு விழாவில் ஒரே ஒரு தடவை, டேனியல் கிடாரில் பழகிவைத்திருந்த அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டை அடித்து நொறுக்கிவிட வேண்டும்!

ஹெச்.எம். தண்டாயுதபாணி முன்னாடியே சொல்லியிருந்தார். "கண்டதையும் வாசிச்சீங்கன்னா டிரம்மு பீரோவுக்குள்ள போயிரும் கண்ணு. அப்புறம் நீ தொடவே முடியாது."

அதனால் டேனியல் பாட்டுத் தாளை நீட்டிப் புளுகினான். "இங்கிலீஷ் சாமி பாட்டுங்க சார்."

"சாமி பேரையே காணோமே?"

"அவங்க மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க சார்."

அடப்பாவி! அவன் முகத்தில் ஒரு சின்ன அசைவு வரணுமே, ம்ஹும்.

அங்கேதான் வந்தது வினை. ஹெச்.எம். அந்தப் பாட்டை இறைவணக்கமாகவே போட்டுவிட்டார். விழாவன்று மைக்கில் சொன்னார்: "அனைவரும் எழுந்து நிற்கவும்." சிறப்பு விருந்தினர், பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஹெச்.எம். கண்ணை மூடிக்கொண்டார்.

அக்ஷரா டிரம் குச்சிகளைக் கையில் எடுத்தாள். இதோடு டிரம் போச்சு. போனால் போகட்டும், ஒரு தடவையாவது அடிச்சுட்டுப் போறேன் என்று ஓங்கினாள். கிடார் அலறியது. ஹெச்.எம். கண்ணைத் திறந்தார், திறந்தது திறந்தபடி நின்றது. ஆனால் இறைவணக்கத்தின் நடுவே யார் உட்காருவது? நாலு நிமிஷமும் ஊரே நின்றது. கூப்பிய கை கூப்பியபடி மகுடேஸ்வரனின் கால் மட்டும் தாளம் போட்டது. பின்வரிசை அம்மாக்கள் விசிலே அடித்தார்கள்.

முடிந்ததும் மகுடேஸ்வரன் வேர்வையைத் துடைத்தார். "ஏனுங்க சார், மெய்சிலிர்த்துப்போச்சுங்க! எங்க கம்பெனி ஆயுத பூசைக்கும் இந்தப் புள்ளைங்களே வந்து இந்தச் சாமி பாட்டை வாசிக்கோணுமுங்க."

எல்லோரையும் எழுப்பி நிறுத்தியவரே ஹெச்.எம்.தான். இது சாமி பாட்டில்லை என்று இப்போது எந்த வாயால் சொல்லுவார்? "அதுக்கென்னங்க," என்று பல்லைக் கடித்தார்.

பிறகு மேடைக்குப் பின்னால் வந்தார். அக்ஷரா டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"டிரம்மை நீயே வெச்சுக்க கண்ணு," என்றார் அன்பொழுக. "திங்கக்கிழமையிலிருந்து தினமும் பிரேயருக்கு இந்தப் பாட்டுத்தான். எட்டரைக்கெல்லாம் ரெண்டு பேரும் வந்து நின்னுரோணும்."